அத்தை பார்த்தார் என்று நான் சொன்னேன்

எழுதுவதற்கு எனக்குத் தகுதி கிடையாது. பள்ளிப் படிப்பு ஐந்தாம் படிவத்தோடு நின்றது. ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வருகிறவர்களின் பெயரையும் நேரத்தையும் எழுதி வைக்கிறேன். முப்பது வருடமாக நான் எழுதிய எழுத்து அவ்வளவுதான். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. போன மாதம் அத்தையின் பதினாறாம் நாள் காரியத்தில் ஆளுக்கொன்றாக அவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் தேநீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன். சொல்ல வேண்டிய விஷயம் என்னிடம் இருந்தது. வாயில் வராததை எழுதியாவது பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். அதிகப்பிரசங்கித்தனம் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அத்தை என்றால் என் அப்பாவின் தங்கை. கல்யாணம் ஆகவில்லை. கடைசிவரை எங்களோடு இருந்தார். என் பிள்ளைகள் இரண்டையும் அவர்தான் வளர்த்தார்.

காரியம் முடிந்து சாப்பாடும் ஆன பிறகு, ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். சித்தப்பா மகன்தான் ஆரம்பித்தான்.

"சின்ன வயசுல சௌராஸ்தா பசார்ல ஒரு தடவை அத்தைய பார்த்தேன். எதிர்ல வராங்க. நான் கைய கைய ஆட்டுறேன். ராணி மாதிரி நேரா போயிட்டாங்க. வீட்டுக்கு வந்து கேட்டா, 'நீ யாருடா பெரிய மந்திரியா, நின்னு கும்பிட'ங்கறாங்க. மறுநாள் எனக்கு ஒரு டின் பிஸ்கட்டு."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார்கள். அத்தைக்கு அப்படி ஒரு பெயர் எங்கள் சொந்தத்தில் உண்டு. பாசமானவர், ஆனால் தலைக்கனம். வெளியில் பார்த்தால் முகம் கொடுக்க மாட்டார்.

அப்பாவுக்கு எண்பதாகப் போகிறது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் மெதுவாகச் சொன்னார். "நல்ல இடம் ஒண்ணு வந்துச்சு. புடிக்கலன்னு சொல்லிட்டா. அந்தத் திமிருதான் அவள தனியா நிறுத்திருச்சு. என் பேச்ச கேட்டிருந்தா இன்னிக்கு கொள்ளி வைக்க ஒரு புள்ள இருந்திருக்கும்."

குரல் உடைந்துவிட்டது.  நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

என் வயதுக்காரர்களுக்கு அந்தக் காலம் நினைவிருக்கும். டத்தோ கெராமாட் சாலையை ஒட்டிய சந்தில் ஒரு கடைவீட்டின் மாடியில் இரண்டு அறை எங்களுக்கு. கீழே ஒரு சீனர் சைக்கிள் பழுது பார்ப்பார். ரப்பர் ஒட்டும் பசையின் வாடை நாள் முழுக்க மேலே ஏறிக்கொண்டே இருக்கும். மாடியின் பின்பக்கம் வெளிச்சம் விழுவதற்காகக் கூரையைத் திறந்து விட்டிருப்பார்கள். குழாய் அங்கேதான். குளிப்பது, துவைப்பது, மழை பெய்தால் நனைவது எல்லாம் அங்கே.

எனக்குப் பத்து வயது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அந்த வருடம் மழையில் சைக்கிளோடு விழுந்து கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. ஆறு மாதம் மாவுக்கட்டோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அதுவரை அதிர்ந்து பேசாதவர், உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாரையும் அதட்ட ஆரம்பித்தார். அந்த ஆறு மாதமும் எங்கள் வீட்டில் உலை வைத்தது அத்தையின் சம்பளத்தில்.

அத்தை பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்தார். பச்சை மேலங்கி, வெள்ளைத் தொப்பி. நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் குனிந்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை நகக்கண் அளவு தகட்டில் ஒட்டுவது அவருடைய வேலை. தங்கத்தில் வேலை என்று கேள்விப்பட்டு, வீட்டுக்குக் கொஞ்சம் கொண்டுவர முடியாதா என்று அம்மாவிடம் கேட்டவர்கள் உண்டு. அவர் கொண்டுவந்தது விரல் நுனிக்கு மாட்டும் ரப்பர் உறைகளை மட்டும்தான். கிழிந்தவற்றைப் பையில் போட்டு எடுத்து வருவார். பத்து விரலிலும் மாட்டிக்கொண்டு பல்லி மாதிரி சுவரைத் தொட்டுக்கொண்டு திரிவேன். அத்தையின் விரல்கள் எப்போதும் ஊறிப்போய், குழந்தையின் விரல் போல மெத்தென்று இருக்கும். மேலங்கியில் நகப்பூச்சு வாசனை அடிக்கும். அது ஏதோ மருந்து கலந்த திரவத்தின் வாசனை என்று பிறகு தெரிந்தது.

அத்தைக்குக் கழுகுக் கண் என்று அம்மா சொல்வார். ஊசியில் நூல் கோப்பது, அரிசியில் கல் பொறுக்குவது, என் தலையில் ஈர் எடுப்பது எல்லாம் அத்தைதான். கிட்டத்தில் இருப்பது எதுவும் அவரிடமிருந்து தப்பாது.

தூரத்தில் இருப்பது அவருக்குத் தெரியவில்லை என்பதை வீட்டில் நான் ஒருத்திதான் கண்டுபிடித்தேன். பஸ் நிறுத்தத்தில் கண்டுபிடித்தேன். எங்கே போனாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். "பாப்பா, பஸ்ஸு நம்பர் படி பார்ப்போம்" என்பார். பாடம் சொல்லிக்கொடுக்கிறார் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் வேண்டுமென்றே தப்பு நம்பர் சொன்னேன். அத்தை ஏறிவிட்டார். ஜெலுத்தோங் போக வேண்டியவர்கள் வேறெங்கோ போய் இறங்கினோம். வெயிலில் திரும்பி நடந்து வரும்போது அத்தை திட்டவில்லை. கொஞ்ச தூரம் போனதும் சொன்னார்.

"உனக்குத் தெரிஞ்சு போச்சு இல்ல?"

தலையாட்டினேன்.

"யார்கிட்டயும் சொல்லாத. அப்பாகிட்ட சொல்லவே சொல்லாத. கண்ணாடி போட்டா மைக்ராஸ்கோப்ல உட்கார விட மாட்டாங்க. போடலன்னா கண்ணு டெஸ்ட்ல தூக்கிருவாங்க. ரெண்டு பக்கமும் இடி."

"கண்ணு சரியில்லாத ஒரு அக்காவ பேக்கிங்ல போட்டாங்கன்னு அம்மா சொன்னாங்களே?"

"பேக்கிங்லயே ஆளக் குறைக்கிறாங்க. வீட்டுக்குத்தான் அனுப்புவாங்க. அனுப்பினா நாம என்னத்த திங்கிறது? உங்கப்பா மாவுக்கட்டையா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று முதல் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. வெளியில் போனால் அத்தையின் கையைப் பிடித்துக்கொள்வேன். யாராவது தெரிந்தவர் வந்தால் விரலை அழுத்துவேன். "முன்னால சித்தி, நீலச் சேலை" என்று முணுமுணுப்பேன். அத்தை உடனே முகம் மலர்ந்து, "என்ன, சௌக்கியமா" என்பார். நான் கூட இல்லாத நாட்களில்தான் அவர் ராணி மாதிரி நேராகப் போனார். சித்தப்பா மகன் பசாரில் பார்த்தது அப்படி ஒரு நாள்.

வருடத்துக்கு ஒரு முறை தொழிற்சாலையில் கண் டெஸ்ட் நடக்கும். அட்டையில் ஒரே ஒரு எழுத்துதான், ஆங்கில E. அது மேலே, கீழே, இடது, வலது என்று நாலு பக்கமும் திரும்பித் திரும்பி இருக்கும். வரிக்கு வரி சின்னதாகிக்கொண்டே போகும். நர்ஸ் குச்சியால் காட்டுவார். எழுத்தின் கால்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றனவோ அந்தப் பக்கம் மூன்று விரலை நீட்டிக் காட்ட வேண்டும். கடைசி நாலு வரி அத்தைக்கு வெறும் தூசு.

அத்தையோடு ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போன ஒருவர் உண்டு. கெப்பாலா பத்தாஸ்காரர், இங்கே அறை எடுத்துத் தங்கியிருந்தார். அவரை நான் அக்கா என்பேன். அவருக்கு முன்கூட்டியே டெஸ்ட் ஆகிவிட்டது. அட்டையை மனதில் பிடித்துக்கொண்டு வந்து, நாள்காட்டித் தாளின் பின்பக்கம் அப்படியே வரைந்து கொடுத்தார். அதை எனக்கு முன்னால் விரித்து வைத்தார் அத்தை. "நீதான் டீச்சர்" என்றார்.

மேலே என்றால் கூரை. கீழே என்றால் தரை. இடது பக்கம் குழாய். வலது பக்கம் ஜன்னல். அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். பள்ளி விட்டு வந்ததும், அத்தை காலை ஷிப்ட் முடிந்து வந்ததும், பின்பக்க வெளிச்சத்தில் நான் விளக்கமாற்றுக் குச்சியோடு நிற்பேன். "கூரை, ஜன்னல், தரை, தரை, குழாய்." அத்தை மூன்று விரலை நீட்டி நீட்டித் திருப்புவார். நடுவிலிருந்து ஆரம்பிப்பேன், பின்னாலிருந்து கேட்பேன். குச்சி அவருக்குத் தெரியும், எழுத்துதான் தெரியாது. வரியில் எத்தனையாவது என்று எண்ணிக்கொண்டு சரியாகச் சொல்லிவிடுவார்.

ஒரு நாள் அம்மா துணி அலச வந்து பார்த்துவிட்டார்.

"என்ன அது, ரெண்டு பேரும் கைய கைய திருப்பிக்கிட்டு?"

"நாட்டியம் கத்துக்கறேன் அண்ணி" என்றார் அத்தை.

"காலாகாலத்துல கத்துக்க வேணாமா? மாப்பிள்ளை வீட்டுல வந்து ஆடச் சொல்லவா போறாங்க?"

"சொன்னா ஆடணும்ல."

அத்தை டெஸ்ட்டில் தேறிவிட்டார். அன்று எனக்கு ஐஸும் தேங்காய்ப்பாலும் போட்ட செண்டோல் ஒரு கிண்ணம் வாங்கிக் கொடுத்தார். அடியில் தங்கியிருந்த பனஞ்சர்க்கரையை எனக்கே விட்டுக்கொடுத்தார். வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் அதற்கு முன்பும் பின்பும் இருந்ததில்லை.

அதற்கு மூன்று வாரம் கழித்து புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை. தரகர் போட்டோவைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். முறையாகப் பெண் பார்க்க வருவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் தாயார் பெண்ணைக் கோயிலில் வைத்துப் பார்க்க விரும்பினார். அப்போதெல்லாம் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. பெண்ணிடம் சொல்லாமல் வருவார்கள். நடை, உடை, பெரியவர்களிடம் எப்படி இருக்கிறாள் என்று பார்ப்பார்கள். பெண்ணுக்கும் தெரிந்துதான் இருக்கும். தெரியாத மாதிரி நடந்துகொள்ள வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா அத்தைக்கு அரக்குச் சேலையை எடுத்துக் கொடுத்தார். கண்ணாடி வாங்கிக்கொள்ளும் வயதா இது, கண்ணாடி போட்ட பெண்ணை யார் கட்டுவார்கள் என்று வேறு யாரையோ பற்றி அம்மா முன்பு சொன்னதை அத்தை மறந்திருக்க மாட்டார். படி இறங்கும்போது என் கையைப் பிடித்து, "இன்னிக்கு நல்லா பார்த்துக்கிட்டே வா பாப்பா. யாரு நம்மள பார்த்தாலும் சொல்லு" என்றார். 

கோயிலில் பூசை முடிந்து சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். காகிதத் தட்டில் சுடச்சுட. தட்டு நடுவில் வளைந்து, நெய் வழிந்து என் விரலைச் சுட்டது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அத்தையின் கையை விட்டுவிட்டேன். தட்டையே பார்த்துக்கொண்டு நடந்தேன். நிமிர்ந்தபோது, தூணுக்கு அந்தப் பக்கம் பருமனான ஓர் அம்மா நின்றிருந்தார். அவருடைய கை மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. முகத்தில் பாதிச் சிரிப்பு அப்படியே நின்றுபோயிருந்தது. அத்தை அவர் பக்கம் முகத்தை வைத்தபடியே அவரைக் கடந்து போய்விட்டிருந்தார். ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். முன்பின் தெரியாதவர் முகத்தைப் பார்த்தாலே எனக்குக் கூச்சம். தலையைக் குனிந்துகொண்டு அத்தை பின்னால் போனேன்.

மறுநாள் சனிக்கிழமை காலை தரகர் வந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அந்தம்மா கையைத் தூக்கிச் சிரித்தாராம். பெண் நேருக்கு நேர் பார்த்துவிட்டு, சிரிக்காமல்கூடப் போய்விட்டாளாம். ஃபேக்டரியில் வேலை பார்க்கிற பெண்கள் இப்படித்தான் என்று சொல்லிவிட்டாராம்.

தரகர் போனதும் அப்பா அத்தையைக் கூப்பிட்டார். அத்தை கதவோரம் நின்றார்.

"அந்தம்மாவ பார்த்தியா இல்லையா?"

 அப்பாவின் மாவுக்கட்டு ஸ்டூலின் மேல் நீட்டியிருந்தது. அத்தை அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பார்த்தேண்ணே."

"பார்த்துட்டா போன?"

"புடிக்கல."

"புடிக்கலையா? உனக்கு யாரு இருக்கான்னு புடிக்கல? நான் ஒத்தக் காலோட உட்கார்ந்து உனக்கு இடம் தேடறேன், புடிக்கலையா?"

 அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் குடத்தோடு நின்றிருந்தேன்.

"நீயும்தானே கூட இருந்த. சொல்லு. அத்தை அந்தம்மாவ பார்த்தாங்களா?"

அத்தை என் பக்கம் திரும்பினார். அவ்வளவு தூரத்தில் என் முகம் அவருக்குத் தெரிந்திருக்காது. எனக்கு அவர் முகம் தெரிந்தது.

"பார்த்தாங்கப்பா" என்றேன்.

அப்பா நாலு மாதம் அத்தையோடு பேசவில்லை. அத்தை சமைத்துப் போட்டதைச் சாப்பிட்டார். தரகர் நாலு வீட்டில் சொல்லியிருப்பார் போல. அதன் பிறகு வந்த ஒன்றிரண்டு வரனும் பாதியில் நின்றன. இரண்டு வருடம் கழித்துத் தொழிற்சாலையில் கண்ணாடி போடலாம் என்று சொல்லிவிட்டார்கள். அத்தை அடுத்த வாரமே தடிமனான கண்ணாடியோடு வந்தார். மைக்ராஸ்கோப் பார்த்துப் பார்த்து இப்போது கண் கெட்டுவிட்டது என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். அத்தை ஆமாம் என்றார்.

இத்தனை வருடம் நான் அந்தப் பொய்யோடு எப்படி இருந்தேன் என்று கேட்டால், எனக்கு ஒரு சமாதானம் இருந்தது. அத்தைக்குக் கல்யாணத்தில் இஷ்டமில்லை, புடிக்கல என்றது பாதி உண்மையாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவரும் அதைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை.

பதினாறாம் நாள் அன்று, தட்டோடு அடுப்படிக்கு வந்தபோது கெப்பாலா பத்தாஸ் அக்கா அங்கே பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். காலையிலேயே மகன் ஓட்டிவந்த காடியில் வந்திருந்தார். முட்டி வலியில் கீழே உட்கார முடியாததால் கூடத்துக்கு வரவில்லை. அப்பா பேசியது அவர் காதில் விழுந்திருக்கிறது.

"உங்கப்பா இன்னும் அதையே சொல்லிக்கிட்டு இருக்காரா பாப்பா? அவருக்குத் தெரியாதா?"

"தெரியாதுக்கா."

"நீயுமா சொல்லல?"

நான் குழாயைத் திறந்தேன்.

"அந்தப் பையன் போட்டோவ ரெண்டு வாரம் மேலங்கி பாக்கெட்லயே வெச்சிருந்தா" என்றார் அக்கா. "பஸ்ஸுல தெனம் எடுத்துப் பார்ப்பா. மூக்குக்கிட்ட வெச்சு. 'இவருக்குக் காது கொஞ்சம் பெருசுடி'ம்பா. 'அப்ப நீ சொல்றதெல்லாம் நல்லா கேக்கும்லா'ன்னு நான் சொல்வேன். அவ்ளோ சிரிப்பா. அந்த சனிக்கிழமை மத்தியான ஷிப்டுக்கு வந்து சொல்றா, 'அந்தம்மா என்ன சேலை கட்டியிருந்தாங்கன்னுகூட எனக்குத் தெரியலடி'ன்னு. போட்டோவ தரகர்கிட்ட திருப்பிக் கொடுக்கச் சொல்லி அண்ணிகிட்ட குடுத்துட்டாளாம். அன்னிக்கு முழுக்க அவ மைக்ராஸ்கோப்ல இருந்து தலையே எடுக்கல. அழுதா ஈரம் பட்டு லென்ஸ் மங்கிரும்னு நடுநடுவுல துடைச்சுக்கிட்டா. சூப்பர்வைசர் நல்ல வேலைக்காரின்னு பாராட்டிட்டுப் போனாரு."

அக்கா துடைத்த டம்ளர்களை வரிசையாகக் கவிழ்த்து வைத்தார். நான் குழாயை மூடவில்லை என்பதை அவர்தான் கவனித்து மூடினார்.

நாலு மணிக்குள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். அப்பா அதே நாற்காலியில் இருந்தார். நான் பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தேன். பிறகு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்து எத்தனையோ வருடம் ஆகிறது.

"அப்பா, அத்தை அந்தம்மாவ பார்க்கல."

"எந்தம்மா?"

"புக்கிட் மெர்தாஜாம்காரங்க. அத்தைக்கு அப்பவே தூரத்துல கண்ணு தெரியாது. வேலை போயிரும்னு மறைச்சாங்க. நீங்க கேட்டப்ப நான் பொய் சொன்னேன்."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. பஸ் நம்பர், நாள்காட்டித் தாள், பொங்கல் தட்டு, போட்டோ எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான். 

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல அவ" என்றார் அப்பா.

"சொன்னா நீங்க வேலைக்குப் போக வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

"சொல்லியிருப்பேன்."

பிறகு, "சொல்லியிருப்பேனா?" என்றார். என்னிடம் கேட்ட மாதிரி இல்லை. 

"நாலு மாசம் பேசாம இருந்தேன்" என்றார். "அவ சோறு போட்டு வெச்சுட்டு தள்ளி நின்னுக்குவா. நான் சாப்பிட்டேன்."

அவருடைய தோளைத் தொட்டேன். கையை எடுக்கச் சொல்லவில்லை. "போயி வாசக்கதவ சாத்து, கொசு வருது" என்றார்.

சித்தப்பா பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் இதை நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் எழுதினேன். அத்தைக்குத் தலைக்கனம் கிடையாது. அவருக்கு உங்களைத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

காரியத்துக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா காலையில் எழுந்து குளித்தார். பசியாற வரவில்லை. மத்தியானம் கொஞ்சம் ரசம் சோறு சாப்பிட்டார்.